பழைய படகும் புதிய படிப்பும்

‘ஃபைபர்’ என்றவுடன் நம் விடுதி நண்பர்களுக்கு நாற்காலியும் தண்ணீர்த் தொட்டியும் நினைவுக்கு வருகின்றன. கடற்கரைக்குப் போய்க் கேளுங்கள். அங்கே அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான். படகு! பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் பூவாற்றிலும் இன்று மணலேறிக் கிடக்கும் கலங்களில் மிகப் பல மரத்தாலானவை அல்ல. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய ஓடுகள் அவை. மரம் மூப்படைந்தால் அடுப்புக்காவது ஆகும். இந்த ஓடு மூப்படைந்தால் என்ன செய்வது? அறிவியல் பயில்கிறோம் என்று நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் நாம் இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பது என் கட்சி.

கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயன் ‘கேட்டமரான்’ என்று தன் மொழியில் ஏற்றிக்கொண்டான் என மேடைதோறும் கேட்டிருக்கிறோம். கை தட்டியும் இருக்கிறோம். அந்தக் கட்டுமரத்துக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் 1952-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. இயந்திரப் படகு இக்கரையில் வேரூன்றியது அதன் பிறகே. ஆனால் துறைமுகமில்லாத ஊர்களுக்கு அது உதவவில்லை. அலையை முட்டிக் கடந்து, திரும்பி வருகையில் மணலிலே ஏறி நிற்கும் கலமன்றோ அவ்வூர்களுக்கு வேண்டும்? 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜிய நாட்டினரான பியர் ஜில்லே என்பவர் ஒட்டுப்பலகையில் அத்தகைய படகுகளைக் கட்டிக் காட்டினார். 1980-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவ்வழியில் படகுத் தளங்களை நடத்திற்று. பின்னர் ஒட்டுப்பலகையின் இடத்தை ஃபைபர் பிடித்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்துப் போனபின், உதவிக்கு வந்தவர்களெல்லாரும் ஃபைபர் படகுகளையே ஆயிரக்கணக்கில் வழங்கினர். ஒரே அச்சில் வார்த்தவைபோல் தோன்றினாலும் அவற்றின் தரம் ஒன்றாக இருக்கவில்லை. அந்தத் தலைமுறைப் படகுகள்தாம் இன்று தலை சாய்ந்து கிடக்கின்றன.

நிற்க. நான் இதை ஏட்டிலே படித்து எழுதவில்லை. குளச்சலிலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் குடியேறிய தாய்மாமன் வீட்டில் தங்கி, காரியவட்டத்தில் வேதியியல் முதுகலை பயில்கிறேன். மாமாவின் 24 அடிப் படகு மூன்றாண்டுகளாக வீட்டுப் பின்புறத்தில் தென்னையடியில் கவிழ்ந்து கிடந்தது. “எஞ்சினை வித்துப்போட்டு ஓட்டைக் கொளுத்திரலாம், மக்கா” என்றார் மாமா. அவர் கையில் ரொக்கமில்லை. புதுப் படகுக்கோ இலட்சக்கணக்கில் வேண்டும். மற்ற ஊர்களில் மழைக்காலம் ஓய்வுக்காலம். இயற்கைத் துறைமுகமான விழிஞ்ஞத்தில் அதுவே அறுவடைக் காலம். இடவப்பாதி பிறக்குமுன் படகு கடலில் இறங்காவிட்டால் மாமா அந்த ஆண்டும் பிறர் படகில் பங்காளாகத்தான் போகவேண்டும்.

ஆகவே சித்திரை மாதம் முழுவதும் அந்த ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தோம். தட்டுவதுதான் முதல் சோதனை. சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் ‘டங்’ என்று பேசும். அடுக்கு பிரிந்த இடம் ‘தொப்’ என்று முனகும். மாமா காதால் கண்டுபிடித்ததை நான் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டேன். அடிப்பகுதியில் அம்மைக் கொப்புளம்போல் நூற்றுக்கணக்கான புடைப்புகள் இருந்தன. ஒன்றைக் கீறினால் காடி மணத்தோடு ஒரு நீர் வடிந்தது. இது என்ன மாயம் என்று மாமா கேட்டார். மாயமன்று, நாம் முதலாண்டில் படித்த எஸ்டர் நீராற்பகுப்பு! மேற்பூச்சின் வழியாக நீர் மூலக்கூறுகள் மெல்ல உட்புகுகின்றன; பாலியெஸ்டரின் பிணைப்புகளை அறுக்கின்றன; அமிலமும் கிளைக்காலும் பிறக்கின்றன. அந்தக் கரைசல் மேலும் நீரை உறிஞ்சி இழுக்கிறது. சவ்வூடு பரவல் அழுத்தம் ஏற ஏற, மேற்பூச்சு புடைக்கிறது. தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்த செய்தி, ஒருவருடைய படகின் அடியில் மூன்று ஆண்டுகளாகத் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

கொப்புளங்களைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டோம். பிளந்த இடங்களைச் சுற்றி, தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தோம். ஆறு மில்லிமீட்டர் தடிப்பானால் மூன்று அங்குலச் சரிவு. பலர் இதைச் செய்யாமல் ஓட்டையின்மேல் ஒட்டுப் போட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே இறுகிவிட்ட பிசின் புதுப் பிசினோடு வேதிப்பிணைப்புக் கொள்வது மிகக் குறைவு. சொரசொரப்பைப் பற்றித்தான் புதியது நிற்கவேண்டும். பற்றும் பரப்பு சிறிதானால் ஒட்டு ஒரு பருவத்தில் உரிந்துவிடும். அணியத்தில் சிறு வேலைதான். அமரத்தில் எஞ்சின் மாட்டும் பலகையோ உள்ளே உளுத்துச் சேறாகியிருந்தது. அதை முழுவதும் வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்து மூடினோம். (அணியம், அமரம் என்னும் சொற்களைத் தமிழரும் மலையாளிகளும் ஒன்றாகவே வழங்குகின்றனர். எல்லைக்கோடு 1956-இல் போட்டதுதானே! கடற்கரைக்கு அது இன்னும் தெரியவில்லை.) மொத்தம் 30 கிலோ பிசினும் 12 கிலோ கண்ணாடிப் பாயும் செலவாயின. முதலில் வாங்கிய பிசின் நாட்பட்டது, பாதி கூழாகியிருந்தது. கடையின் பெயர் வேண்டாம்.

இனி, நான் அஞ்சிய செய்தியைச் சொல்கிறேன். இந்தப் பிசினை இறுகச் செய்ய இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கொபால்ட் உப்பு. மற்றொன்று மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடு. முதலில் கொபால்ட்டைப் பிசினில் கலக்கி, அதன் பிறகே பெராக்சைடைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கடையில் இரண்டையும் ஒரே மாதிரிப் புட்டியில், பெயர்ச்சீட்டுமின்றி, ஒரே பையில் போட்டுத் தந்தார்கள். பெராக்சைடு கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிசினில் கரைந்துள்ள ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-இல் சேர்த்திருக்கிறது. கரையில் ஃபைபர் வேலை செய்யும் ஆசாரிகளைப் பாருங்கள். முகத்தில் ஒரு துவர்த்து, கையில் ஒன்றுமில்லை. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் அடுத்த வீட்டுத் தொட்டில் வரைக்கும் போகிறது.

ஆகையால் வீட்டு முற்றத்தில் படகைப் புதுக்கியதைப் பெருமையாகக் கூற வரவில்லை. வீட்டு முற்றத்தைத் தவிர வேறிடம் இல்லாததுதான் குறை என்கிறேன். நாங்கள் நனைத்துத் தேய்த்தோம். பக்கத்து வீட்டார் வெளியூர் சென்றிருந்த நாட்களைப் பார்த்துத் தேய்த்தோம். எல்லாருக்கும் இது வாய்க்குமா?

இதே திருவனந்தபுரத்தில் இவ்வறிவுக்குப் பஞ்சமா? காரியவட்டத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது தும்பா. மீனவர் தம் கோயிலையும் குடியிருப்பையும் விட்டுக்கொடுத்த அவ்விடத்திலிருந்து 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் எழும்பிற்று. 1980 ஜூலை 18-இல் ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் மூன்றாம், நான்காம் அடுக்குகளின் உறை எதனால் ஆனது தெரியுமா? இழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக்கால். மாமாவின் படகும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான்! அத்திட்டத்தை நடத்திய அப்துல் கலாம் இராமேசுவரத்துப் படகுச் சொந்தக்காரரின் மகன். கொச்சியில் 1957 முதல் இயங்கிவரும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், இரப்பர் மரத்தில் படகு செய்து அதற்கு ஃபைபர் போர்வை போர்த்துக் காட்டியிருக்கிறது. அறிவு இருக்கிறது, அது மதிலுக்குள் இருக்கிறது. மதிலுக்கு வெளியே ஆசாரி, மூடியால் அளந்து பெராக்சைடை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

“பழசை ஒட்டிப் போட்டுக் கடலில் அனுப்பி ஆளைக் கொல்லப் போகிறாயா?” என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. எல்லாப் படகையும் காப்பாற்ற முடியாது. காலால் மிதித்தால் அடி பாய்போல் வளைகிற படகை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் விட்டுவிடுவது எங்கே? இப்பிசினை உருக்கி மறுபடி வார்க்க இயலாது. இறுகியது இறுகியதுதான். எரித்தால் கரும்புகையும் கண்ணாடி எச்சமும். புதைத்தால் அலை தோண்டிவிடும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எல்சா-3 கப்பலின் பிளாஸ்டிக் குருணைகள் நம் கரை முழுவதும் வெண்மணல்போல் ஒதுங்கியபோது எல்லாரும் பதறினோம். உடைந்த ஃபைபர் ஆண்டுதோறும் அமைதியாகப் பொடிந்து அதே மணலில் சேர்கிறது. அதற்குப் பதறுவார் இல்லை. பிரான்சில் பழைய உல்லாசப் படகுகளைத் திரும்பப் பெற்று உடைக்கும் ஏற்பாடு 2019 முதல் நடக்கிறது. படகு செய்து விற்பவர்களே அதற்குப் பணம் கட்டவேண்டும். ஜப்பான் அத்தகைய ஏற்பாட்டை 2005-இலேயே தொடங்கிவிட்டது. இங்கே பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் 2020 முதல் பழைய படகுக்கு மாற்றாகப் புதிய படகு வாங்க உதவி தருகிறார்கள், நல்லதே. அத்தோடு, மாற்றப்பட்ட பழையது எங்கே போகிறது என்று கேட்க ஓர் ஆளும், பழுது பார்க்க ஒரு கொட்டகையும் வேண்டாமா?

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இந்தப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் 60,000-க்கு மேற்பட்டோரை மீட்டவர்கள் மீனவர்கள். 600-க்கு மேற்பட்ட படகுகள் சென்றன. மதிலிலும் தூணிலும் மோதி அடி கிழிந்து திரும்பியவை பல. நாம் அவர்களைக் கேரளத்தின் சேனை என்று போற்றினோம். அந்தச் சேனையின் படகை ஒட்டிக் கொடுக்க வேதியியல் துறையில் ஒருவர்கூடப் போகவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. மீன் இறங்குதளத்தருகே, காற்றோட்டமான, கூரையிட்ட கொட்டகை ஒன்று; தூள் உறிஞ்சும் கருவி ஒன்று. கொபால்ட்டுக்கும் பெராக்சைடுக்கும் வெவ்வேறு நிறத்தில் மூடி. அளவு சொல்லும் ஒரு தாள், மலையாளத்திலும் தமிழிலும். அந்தத் தாளை நம் சங்கமே எழுதலாம். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறோமே, இந்தத் தாளில் தொடங்கலாமே! முதுகலை ஆய்வேட்டுக்கு எங்கோ உள்ள பலபடியைத் தேடும் நண்பர்கள், கடல் நீரில் பத்தாண்டு ஊறிய ஓட்டின் ஒரு துண்டை எடுத்து அதன் வலிமையை அளந்தால், எந்தப் படகைப் புதுக்கலாம், எதை விடலாம் என்று மிதித்துப் பார்க்காமல் சொல்ல வழி பிறக்கும். ஆசாரிகளிடம் நாம் கற்பதே மிகுதியாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நண்பகல் வெயிலில் பிசின் எத்தனை நிமிடத்தில் கட்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் மாமாவைப்போல் சொல்லவில்லை.

மாமாவின் படகு மே மாதக் கடைசி வாரத்தில் இறங்கிற்று. இடவப்பாதியின் முதற் கணவாய் பாட்டில் அவர் இருந்தார், தம் சொந்தப் படகில். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு படகுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒன்று தேறாது, மற்றொன்றின் அடி நன்றாகவே ‘டங்’ என்கிறது. மழை ஓய்ந்தபின் சனிக்கிழமைகளில் அதில் கை வைக்கப் போகிறோம். வர விரும்பும் நண்பர்கள் முழுக்கைச் சட்டையும், தூள் வடிகட்டும் முகமூடியும், கண்ணாடியும் கொண்டு வருக. செருப்பு பழையதாக இருக்கட்டும்; பிசின் பட்டால் போகாது.