ரெண்டு முயல், ஒரு கூண்டு

"ஒத்தையாக் கெடக்கே பாவம், இன்னொண்ணு வாங்கிப் போட்டுடுங்க மதினி!" முயல் வளர்க்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுகிற வார்த்தை இது. எங்கள் பேரையூரில்தான் இப்படி என்றில்லை, உங்கள் ஊரிலும் இதே கதையாகத்தான் இருக்கும். சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். முயல் கூட்டமாக வாழ்கிற பிராணி. துணை இருந்தால் அதற்கு நல்லது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த "வாங்கிப் போட்டுடுங்க" இருக்கிறதே, அதில்தான் வினை. கூண்டைத் திறந்து புதுசை உள்ளே போட்டுவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறதே என்று போனீர்களானால், திரும்பி வரும்போது ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டி வரும்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி நடந்தது. பையனுக்கு ஏழாவது பிறந்த நாள். வீட்டில் இருந்த முயலுக்கு ஜோடியாக இன்னொன்றைச் சந்தையில் வாங்கி வந்தார்கள். "ரெண்டும் பொட்டைதாம்மா, சண்டை போடாது" என்று விற்றவன் சொன்னானாம். ரெண்டுமே ஆண்! இரவு பத்து மணி வரை ஒன்றும் இல்லை. காலையில் பார்த்தால் புது முயலின் விதைப் பக்கம் கிழிந்து, காது தொங்கிக்கொண்டு மூலையில் கிடந்தது. ரெண்டு நாள் ஒரு புல் வாயில் வைக்கவில்லை, மூன்றாம் நாள் போய்விட்டது. அந்தப் பிள்ளை அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுததை நான் பார்த்தேன்.

நம் கண்ணுக்கு முயல் பஞ்சு மூட்டை மாதிரி சாதுவாகத் தெரிகிறது. ஆனால் தன் இடம் என்று வந்துவிட்டால் அது வேறு பிறவி. தாடையைக் கூண்டுக் கம்பியிலும் தட்டிலும் அது உரசுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து தன் வாசனையைத் தடவி "இது என் வீடு" என்று பட்டா எழுதுகிறது. வேற்று வாசனையோடு ஒன்று உள்ளே வந்தால் அதற்கு அது திருடன்தான்.

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965-ல் தொடங்கியது. அங்கே ஆடுகளோடு ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற முயல் இனங்களையும் வளர்க்கிறார்கள். முயல் பண்ணை வைக்கக் கற்றுக்கொடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ரெண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பருவத்துக்கு வந்த முயலைத் தனித்தனிக் கூண்டில் வைக்க வேண்டும். இனம் சேர்க்கும்போது பெண் முயலை ஆணின் கூண்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், ஆணைப் பெண்ணின் கூண்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மாற்றிச் செய்தால் பெண் முயல் கடித்துத் துரத்திவிடும்.

இதை என் மாமியாரிடம் சொன்னேன். "பாத்தியா, புகுந்த வீட்டுல அடங்கி இருக்கணும்னு முயலுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். "அது இல்ல அத்தை, தன் வீட்டுக்குள்ள யாரும் காலை வைக்க விடமாட்டேங்குதே, அதைப் பாருங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பஞ்சுவுக்கு ரெண்டு வயசு. வெள்ளைப் பெண் முயல், சின்ன மகளின் செல்லம். மகள் படிப்புக்காக ஹாஸ்டலுக்குப் போனதும் பஞ்சு வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. தீனி பாதியாகக் குறைந்தது. "அதுக்கு ஒரு துணை தேடும்மா" என்று போனில் ஒரே நச்சரிப்பு. அப்படி வந்ததுதான் மிளகு. சாம்பல் நிறம், ஐந்து மாத ஆண்.

எந்த ஜோடி சேரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு ஆண் சேர்வது கஷ்டம். ரெண்டு பெண்ணும், கூடப் பிறந்ததாகவே இருந்தாலும், நாலைந்து மாசம் ஆனதும் முறைத்துக்கொள்ளலாம். ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான் சுலபமாக ஒட்டும். ஆனால் அப்படியே விட்டால் என்ன ஆகும்? முயலுக்குச் சினைக்காலம் 31 நாள்தான். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டி சர்வ சாதாரணம். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினை பிடித்துக்கொள்ளும்! 1859-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணைக்காரர் வேட்டையாடலாமே என்று இங்கிலாந்திலிருந்து ரெண்டு டஜன் முயலை வரவழைத்து விட்டார். சில பத்து வருஷத்துக்குள் அவை நாட்டையே மேய ஆரம்பித்துவிட்டன. நம் பின்கட்டு தாங்குமா?

அதனால் முதல் வேலை, ஆண் முயலுக்குக் காயடிப்பது. நாலைந்து மாத வயசில் செய்யலாம். மிளகை மதுரைக்குக் கொண்டுபோய்ச் செய்துகொண்டு வந்தோம். முயலுக்கு அறுவை செய்து பழக்கமுள்ள கால்நடை மருத்துவர்தானா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மயக்க மருந்து விஷயத்தில் முயல் ரொம்ப நாசூக்கு. நமக்கு மாதிரி அறுவைக்கு முன் பட்டினி போடவும் கூடாது. முயலுக்கு வாந்தி வராது, அதன் குடல் சும்மா நின்றால்தான் ஆபத்து. இன்னொன்று, காயடித்த மறுநாளே பெண்ணோடு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகும் நாலு வாரம், சிலதுக்கு ஆறு வாரம் வரைகூட, சினை பிடிக்க வைக்கும் சக்தி இருக்கும். வசதியிருந்தால் பெண் முயலுக்கும் கருப்பையை எடுத்துவிடுவது நல்லது. வயசான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது. சண்டைக் குணமும் தணியும்.

அந்த ஆறு வாரத்தை நாங்கள் வீணாக்கவில்லை. ரெண்டு கூண்டையும் பின்கட்டில் எதிரும் புதிருமாக வைத்தோம், நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. ஒட்டி வைத்தால் கம்பி வழியாகவே மூக்கையும் விரலையும் கடித்துக் குதறிவிடும். முதல் ராத்திரி பஞ்சு பின்னங்காலால் தரையில் "தொம் தொம்" என்று அடித்த அடியில், "யாருடி இந்நேரத்துல கதவத் தட்டுறது?" என்று என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முயல் பாஷையில் அது எச்சரிக்கை மணி.

நாலு நாள் கழித்து அது படுத்திருந்த சாக்கை இதற்கும், இது படுத்திருந்ததை அதற்கும் மாற்றிப் போட்டேன். பிறகு முயல்களையே கூண்டு மாற்றி வைத்தேன். தீனித் தட்டை ரெண்டு பக்கமும் கம்பியோரமாக வைத்து, ஒன்றின் முகம் பார்த்து ஒன்று தின்னும்படி செய்தேன். அகத்திக்கீரை வாசனை வரும்போதெல்லாம் எதிரில் அந்த முகம் தெரிகிறது இல்லையா? மூன்றாவது வாரம் ரெண்டும் அவரவர் கூண்டுக்குள்ளேயே கம்பியை ஒட்டிப் படுக்க ஆரம்பித்தன. அதுதான் நான் காத்திருந்த அடையாளம்.

ஆறு வாரம் முடிந்ததும் நேருக்கு நேர். இது ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் நடக்க வேண்டும். பஞ்சு ஒரு நாளும் கால் வைத்திராத மாடி அறையைத் தேர்ந்தெடுத்தேன். வழவழத் தரையில் முயலுக்குக் கால் வழுக்கினால் பயம் வரும், பயம் வந்தால் கடி வரும். அதனால் சாக்கை விரித்தேன். கையில் தடித்த துண்டு, பக்கத்தில் ஒரு முறம். சண்டை வந்தால் நடுவில் முறத்தை நுழைத்துப் பிரிக்க வேண்டுமே தவிர, வெறுங்கையை நீட்டவே கூடாது. குழந்தைகளை அந்த நேரம் அறைக்கு வெளியே நிறுத்துங்கள்.

பத்து நிமிஷம் போதும், ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது. ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஒரு மூலையில் ஒன்று முகம் கழுவிக்கொண்டிருந்தால், "சேரவே மாட்டேங்குதே" என்று கவலைப்படாதீர்கள். அது நல்ல சகுனம். கொஞ்சம் துரத்தல், கொஞ்சம் ரோமம் பிடுங்கல் இருக்கத்தான் செய்யும். ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் அது இனச்சேர்க்கை என்று மட்டும் நினைக்க வேண்டாம், "நான்தான் பெரியவள்" என்று காட்டுகிற வழியும் அதுவே. பஞ்சுவே மிளகு மேல் ஏறியது! சில நொடி விடலாம். தலைப் பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், கீழே இருப்பது கடித்தால் படக்கூடாத இடத்தில் படும். காதைப் பின்னால் ஒட்டவைத்து, வாலைத் தூக்கி, ரெண்டும் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது, முறத்தைப் போடுங்கள். அடுத்தது உருண்டு புரண்டு கடிதான். ஒவ்வொரு நாளும் ரெண்டும் அமைதியாக இருக்கும் சமயமாகப் பார்த்து, ரெண்டு கொத்து மல்லித்தழையைக் கொடுத்து முடித்துவிடுவேன்.

பத்து நிமிஷம் அரை மணியாகி, அரை மணி ஒரு பொழுதாக இன்னும் ஐந்து வாரம் ஆனது. ஒரு நாள் மிளகு தலையைத் தரையோடு தாழ்த்தி பஞ்சு முன்னால் நீட்டியது. பஞ்சு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது. அன்றைக்கு மகளுக்குப் போன் போட்டேன். அதற்குப் பிறகுதான் கூண்டு. பழைய கூண்டைத் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, தட்டு, படுக்கை எல்லாவற்றையும் இடம் மாற்றி, புதுசு மாதிரி ஆக்கிய பிறகே ரெண்டையும் சேர்த்து விட்டேன். தண்ணீர்ச் சட்டி ரெண்டு. ஒளிந்துகொள்ள வைக்கும் அட்டைப் பெட்டிக்கு ரெண்டு வாசல். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டதுக்குத் தப்ப வழியில்லை.

சில ஜோடி மூன்றே நாளில் ஒட்டிக்கொள்ளும். சிலது என்ன செய்தாலும் ஒட்டாது. அப்படியானால் விட்டுவிடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், முகம் பார்த்துக்கொண்டு இருப்பதும் ஒரு துணைதான்.

காயம் பட்டால் மஞ்சள் பற்றுப் போட வேண்டாம், அது நக்கித் தின்றுவிடும். உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆம்பிசிலின், அமாக்சிசிலின் சிரப்பை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அது அழித்து உயிரையே வாங்கிவிடும். அரை நாள் ஒன்றும் தின்னாத முயலை "நாளைக்குப் பார்ப்போம்" என்று வைத்திருக்கவும் கூடாது. மருத்துவரிடம் போகும்போது ஜோடியையும் கூடவே ஒரே கூடையில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் போய் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பினால் மற்றது அதை அந்நியமாக நினைத்துப் பழைய சண்டை மறுபடியும் தொடங்கிவிடும்.

எங்கள் பக்கத்துக் கடலைக்காடுகளில் களை எடுக்கப் போகிறவர்கள் சில சமயம் காட்டு முயல் குட்டியைக் கண்டு, தாயில்லாப் பிள்ளை என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். தாய் அங்கேதான் எங்கேயாவது இருக்கும். குட்டியைப் புல்லில் பதுங்க வைத்துவிட்டு, பொழுது சாய்ந்து வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது அதன் வழக்கம். அது நம் வளர்ப்பு முயலுக்கு ஜோடியாகவும் ஆகாது, ரெண்டும் வேறு வேறு இனம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பதும் குற்றம். எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஜோடி சேர்க்க நினைப்பவர்கள் சித்திரை, வைகாசியில் ஆரம்பிக்காதீர்கள். மதுரைப் பக்கத்து வெயிலில் முயல் சும்மா இருந்தாலே தவித்துப்போகும். அதற்கு வேர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே விட வேண்டும். அந்த நேரத்தில் துரத்தலும் சண்டையும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும். ஐப்பசி மழை விழுந்து குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். கோடையில் கூண்டு மேல் நனைத்த சாக்கும், உள்ளே சாய்ந்து படுக்கத் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு மண்பானையும் போதும். எங்கள் வீட்டில் பானைக்கு இந்தப் பக்கம் பஞ்சு, அந்தப் பக்கம் மிளகு.

முயல் புழுக்கையை ரோஜாச் செடிக்கு எப்படிப் போடுவது என்று இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறீர்கள். அது அடுத்த இதழில்.