இல்லாத காலில் வலி

மண்டபம் கடற்கரையில் நின்றால் பாம்பன் பாலம் வெகு அழகாகத் தெரியும். அந்தக் காட்சியைக் காணவே நாம் அங்கே போயிருந்தோம். ஆனால் நம் கவனத்தைக் கவர்ந்தவர் அருகே உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். இலங்கையிலிருந்து படகேறி வந்து அங்குள்ள முகாமில் வசிப்பவர். கண்ணிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தவர்.

"கால் போன துக்கம் ஆறிவிட்டது, ஐயா. போன காலின் விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிர மாட்டோம் என்கின்றன. அந்த வலிதான் இரவில் தூங்க விடுவதில்லை" என்றார். பிறர் சிரிப்பார்களே என்று மனைவியிடம்கூட வெகு காலம் சொல்லவில்லையாம். சொன்ன பிறகு, மந்திரிப்பதற்கு அழைத்துப் போனார்களாம்!

நேயர்களே, இது பேயும் அல்ல, பாசாங்கும் அல்ல. கை கால் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இவ்வலி உண்டு. உள்நாட்டு யுத்தத்தில் அங்கம் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்த அமெரிக்க டாக்டர் வேர் மிட்செல், 1871-ஆம் வருஷத்திலேயே இதற்கு 'மாய அங்கம்' என்று பொருள்படும் பெயரிட்டார்.

உடம்பின் ஒவ்வோர் அங்கத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கால் போனாலும் அந்த இடம் போவதில்லை. அது வழக்கம் போல் உத்தரவு போடுகிறது, பதில் வருவதில்லை. வெட்டுண்ட நரம்பு முனைகளோ பொய்ச் செய்தி அனுப்புகின்றன. இந்தக் குழப்பமே வலியாகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று கண்டவர் நம்மவரே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன்; அரசியல் சட்டம் வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். 1990-களில் கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் அவர் கையாண்ட கருவி வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி! அதை இரண்டு கால்களுக்கும் நடுவே, நல்ல காலைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். நல்ல காலை அசைத்துக்கொண்டே பிம்பத்தைப் பார்க்க வேண்டும். இல்லாத கால் அசைவதாகக் கண் மூளைக்குச் சாட்சி சொல்கிறது. மடங்கிய விரல்கள் நிமிர்வது போல் தோன்றுகிறது. 2007-ல் அமெரிக்காவில் கால் இழந்த போர்வீரர்கள் சிலர் தினம் 15 நிமிஷமாக 4 வாரம் இவ்வாறு பழகினார்கள். அவர்களுக்கு வலி குறைந்தது.

எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. நரம்பு வலிக்கு மருந்துகளும் உண்டு. சரியாகப் பொருந்திய செயற்கைக் காலும் உதவும். ஆகவே டாக்டரிடம் கூச்சமின்றிச் சொல்வதே முதல் காரியம்.

இவ்வளவையும் அம்மனிதரிடம் சொன்னோம். "அப்படியானால் எனக்குப் பைத்தியம் இல்லையா, ஐயா?" என்று கேட்டார். "இல்லவே இல்லை" என்றோம். அப்போதே அவர் முகம் பாதி தெளிந்துவிட்டது. நமக்குத் தெரிந்தவர் யாரேனும் இப்படிச் சொன்னால், சிரிக்காமல் நம்புவோமாக.