கிராமசபையில் கேள்! பிறகுதான் பஞ்சாயத்து மேசை!

 

ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறி பூந்தமல்லி தாண்டி மேற்கே போனால் கொரியாக்காரன் கார் கம்பெனி, பிரான்சுக்காரன் கண்ணாடிக் கம்பெனி என்று வரிசையாக நிற்கிறது. நாளைக்கு ஒரு பன்னாட்டுக் கம்பெனியால் நம்ம நிலத்துக்கோ தண்ணீருக்கோ கேடு வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? தாசில்தார் கலெக்டரைக் காட்டுவார், கலெக்டர் சிப்காட்டைக் காட்டுவார்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. ஓ.இ.சி.டி. என்ற பணக்கார நாடுகளின் அமைப்பு, பன்னாட்டுக் கம்பெனிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1976-இல் வழிகாட்டு நெறிகள் போட்டது. 2011-இல் மனித உரிமைக்கென்று தனி அத்தியாயமும் சேர்த்தது. அதை ஏற்ற ஒவ்வொரு நாடும் புகார் வாங்க ஒரு 'தேசியத் தொடர்பு மையம்' வைக்க வேண்டும். இந்தியா அதை ஏற்கவில்லை. ஆகவே கம்பெனியின் தாய்நாட்டு மையத்துக்குத்தான் எழுத வேண்டும். அது கோர்ட் இல்லை. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும். ஒத்துவராவிட்டால் அறிக்கை எழுதும். அபராதம் போடாது, நிலத்தைத் திருப்பித் தராது.

இந்த வாசலை நம்ம திருவள்ளூர் மாவட்டத்து மக்களே தட்டிப் பார்த்தார்கள். கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்கண்டிகை. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடு மாடு மேய்ந்து, விறகு எடுத்து, ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த காட்டு நிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போச்சு. பட்டா அவர்கள் பேரில் இல்லையே, யாரைக் கேட்க வேண்டும் என்றது அரசு! 2009-இல் பிரான்சு நாட்டு மிச்செலின் டயர் கம்பெனி அரசோடு ஒப்பந்தம் போட்டது. மறியல், உண்ணாவிரதம், கைது எல்லாம் நடந்தது.

2012 ஜூலையில் ஊர்ச் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும், பிரான்சின் ஷெர்பா, சி.சி.எஃப்.டி. அமைப்புகள், சி.ஜி.டி. தொழிற்சங்கத்தோடு சேர்ந்து பிரான்சு மையத்தில் புகார் கொடுத்தன. அந்த மையம் இயங்குவது அந்நாட்டு நிதியமைச்சகத்தின் கீழ்! நடுநிலை இல்லை என்று 2013 செப்டம்பரில் புகார்தாரர்கள் விலகினார்கள். கம்பெனி நெறிகளை மீறியது என்று சொல்ல மையம் மறுத்தது. மனித உரிமைப் பாதிப்பை ஆராயட்டும் என்று பரிந்துரை மட்டும் செய்தது. மரம் வெட்டியாச்சு, ஆலையும் எழும்பியாச்சு. அதற்கப்புறம் ஆராய்ந்து யாருக்கு என்ன பயன்?

அப்படியானால் இந்த வாசலே வீணா? இல்லை தோழர்களே! ஒடிசா நியாம்கிரியைப் பாருங்கள். டோங்கிரியா கோந்த் பழங்குடிகள் தெய்வமாகக் கும்பிடும் மலையில் பாக்சைட் தோண்ட வந்தது வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தா! 2008 டிசம்பரில் பிரிட்டன் மையத்துக்குப் புகார் போனது. அந்த மக்களைக் கம்பெனி கலந்து பேசவில்லை என்று 2009 செப்டம்பரில் பிரிட்டன் மையமே எழுதியது. வேதாந்தா அதை ஏற்கவில்லை. ஆனாலும் உலகம் முழுக்க மானம் போச்சு.

மலையைக் காப்பாற்றியது அந்த அறிக்கையா? அது ஒரு துணை, அவ்வளவுதான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும், 2013 ஏப்ரலில் 'கிராமசபையைக் கேள்' என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பும், கூடிய 12 கிராமசபையும் ஒன்றுவிடாமல் 'முடியாது' என்று சொன்ன உறுதியும்தான் காப்பாற்றின. அங்கே மக்களுக்கு மறுக்கும் உரிமை இருந்தது. தேர்வாயில் இல்லை. நம்ம மேய்க்காலுக்கும் ஏரிப் புறம்போக்குக்கும் இன்றைக்கும் அது இல்லை. மறுக்க உரிமை இல்லாதவனைச் சமரசத்துக்குக் கூப்பிடுவது, கையைக் கட்டிவிட்டுக் குஸ்திக்குக் கூப்பிடுவது மாதிரி!

ஆகவே நாம் கேட்பது:

* மேய்க்கால், ஏரி, குட்டை எதை எடுத்தாலும் கிராமசபை சம்மதம் கட்டாயம் என்று சட்டம் செய்!
* பட்டா இல்லாவிட்டாலும் அந்த நிலத்தால் பிழைப்பவரைப் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடு!
* பன்னாட்டுக் கம்பெனி மீது புகார் வாங்கி விசாரிக்கும் அமைப்பை, அதிகாரத்தோடு இந்தியாவிலேயே உருவாக்கு!

அதுவரை சும்மா இருக்கலாமா? உங்கள் ஊர்ப் பொதுநிலத்தின் சர்வே எண், பரப்பு, யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை இப்போதே எழுதுங்கள். அடுத்த கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றி நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் சரி, பாரீசுக்கு எழுதினாலும் சரி, அந்தக் காகிதம்தான் பேசும்.

நிலம் போன பிறகு நியாயம் பேசாதே! போகுமுன் கூடு! ஒன்றுபடு! போராடு!