பூட்டில்லாப் பெட்டியில் எமது உறுதிகள்

கிராமப் பணிகளுக்காக நாம் செல்லும் இடங்களிலெல்லாம் அண்மைக் காலமாக ஒரே கேள்வி கேட்கப்படுகிறது. “சங்கத்திலை கிடக்கிற பழைய லப்டொப்பை என்ன செய்யிறது? எறியிறதோ, வைச்சிருக்கிறதோ?” கேள்விக்குக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. வின்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்றுவதற்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பாகம் கணனியில் இருக்கவேண்டும். மீள்குடியேற்றக் காலத்தில் நிறுவனங்கள் எமது சங்கங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன மடிக்கணனிகளில் அது இல்லை. புதிதாக வாங்குவதென்றால் 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் விலை எந்தச் சங்கத்திற்கும் எட்டாது.

எறிய வேண்டாம் என்பதே எமது பதில். ஆனால் கணனியை என்ன செய்வது என்று கேட்பவர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை யோசிப்பதில்லை. நாம் அதையே முதலில் கேட்கவேண்டும் என நினைக்கிறோம்.

இடம்பெயர்ந்தோர் சங்கம் ஒன்றின் மடிக்கணனியைத் திறந்து பார்த்தால் தெரியும். காணி உறுதிகளின் படங்கள், அனுமதிப்பத்திரங்கள், நில அளவைப் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், குடும்ப அட்டைகள், வங்கிக் கணக்கு இலக்கங்கள். காணாமற்போன பிள்ளையைப் பற்றித் தாய் ஒருவர் அழுதழுது சொன்னதை யாரோ தட்டச்சுச் செய்து வைத்திருப்பார்கள். தனித்து வாழும் பெண்களின் பெயர்கள், அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கைகள், தொலைபேசி இலக்கங்கள் என்று ஒரு பட்டியலும் இருக்கும். ஒரு கிராமத்தின் அந்தரங்கம் முழுவதும் அங்கே கிடக்கிறது.

கடதாசியின் பெறுமதியை எமது மக்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்டவர்கள் இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்து றங்குப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் காணிகளில் ஒரு பகுதி இன்றுவரை விடுவிக்கப்படவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது, பலரது மடியில் இருந்தது பொலித்தீனில் சுற்றிய உறுதிக்கட்டுத்தான். வன்னியில் 2009 இல் அதுவும் போயிற்று.

பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச் 28 ஆந் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி, வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் தமது உரித்தைக் காட்டவேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அதனைக் கைவிட்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் எமது சங்கங்களில் நடந்ததை நாம் கண்டோம். கிடைத்த கடதாசியையெல்லாம் மக்கள் கொண்டுவந்தார்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பழைய மடிக்கணனிக்குள் போட்டோம். வர்த்தமானி போய்விட்டது. படங்கள் இருக்கின்றன.

அந்தப் படங்களுக்கு என்ன காவல்? “பாஸ்வேட் போட்டிருக்கிறம்” என்பார்கள். அதையும் சோதித்துப் பார்த்தோம். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தை அண்டிய பகுதியில் கணனி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் எமது சொந்த மடிக்கணனியைக் கொடுத்து, கடவுச்சொல்லைச் சொல்லாமல் உள்ளே இருப்பதைக் காட்ட முடியுமா என்று கேட்டோம். அவர் கடவுச்சொல் கேட்கும் திரைக்குப் போகவேயில்லை. பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றி வன்தட்டை எடுத்துத் தன்னுடைய கணனியில் ஒரு வயரால் தொடுத்தார். நாம் வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் எல்லா உறுதியும் திரையில் நின்றன. வேலியில்லாத வளவுக்குப் படலை கட்டிக் கொளுக்கி போட்ட கதைதான். படலையால் வருபவன் மறிபடுவான். மற்றவன் ஏன் படலைக்கு வரவேண்டும்?

வேலி வேண்டுமென்றால் தட்டில் எழுதப்படுவதையே மறைகுறியாக்க வேண்டும். தட்டிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் குழப்பி எழுதப்படுகிறது. சரியான சொற்றொடரைக் கொடுத்தாலன்றி அது அர்த்தமில்லாத இலக்கக் குவியலே. தட்டைக் கழற்றினாலும், களவு போனாலும், பழைய இரும்புக்காரனிடம் போனாலும் அப்படித்தான். வின்டோஸிலும் இதற்கு பிற்லொக்கர் என்ற வசதி உண்டு. ஆனால் முழு வசதி விலை கூடிய பதிப்புகளுக்கே. எமது கணனிகளில் ஓடுவது பெரும்பாலும் காசு கொடுக்காத திருட்டுப் பிரதி. களவாக எடுத்த பூட்டை நம்பி மற்றவர்களின் உறுதியை வைப்பது எமக்குச் சரியாகப் படவில்லை.

லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. (பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று படிப்பது இதைத்தான்.) 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் தொடக்கி வைத்த கரு, அதைச் சுற்றி உலகமெங்குமுள்ளவர்கள் கட்டி எழுப்பினார்கள். விலையில்லை என்பது அதன் சிறப்பில் பாதிதான். அதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பங்கிடலாம். பூட்டுச் செய்தவர் தனக்கென்று இன்னொரு திறப்பு வைத்திருக்கிறாரா என்று அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லலாம். இடம்பெயர்ந்தோர் விடயத்தில் இந்த நாட்டுக்கு இது புதிதுமல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கை நிரலாளர்கள் சில கிழமைகளில் ‘சஹன’ என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கும் அது உதவியது. வேறு நாட்டார் செய்து தந்தால்தான் வேலை நடக்கும் என்று நினைக்கும் எமது நோய்க்கு இது நல்ல மருந்து.

2012 அளவில் வாங்கப்பட்டு நான்கு ஜி.பி. நினைவகத்துடன் கிடந்த மடிக்கணனி ஒன்றில் நாமே ஏற்றிப் பார்த்தோம். லினக்ஸில் பல வகை உண்டு; நாம் எடுத்தது மின்ற் என்பதன் பாரமில்லாத எக்ஸ்.எவ்.சி.ஈ. பதிப்பு. மூன்று ஜி.பி.க்குக் கிட்டிய கோப்பு. இணைய வசதி உள்ள ஒருவர் ஒருமுறை இறக்கினால் பல சங்கங்களுக்குப் போதும். அதைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணனியை எழுப்பினால், உள்ளேயிருக்கும் எதையும் தொடாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். இந்தப் படியைத் தவறவிடக் கூடாது. வைஃபை பிடிக்கிறதா, பிறின்ரர் வேலை செய்கிறதா, ஸ்கானர் அசைகிறதா என்று அங்கேயே பார்க்கவேண்டும். எமது பழைய ஸ்கானர் அசையவில்லை. கைத்தொலைபேசியால் சமாளிக்கிறோம். கணனி 64 பிற் வகைதானா என்றும் பார்க்கவேண்டும். அதற்கு முந்தியவற்றுக்கு இப்போது புதிய பதிப்புகள் கிடைப்பது அரிது.

ஏற்றும்போது பழையவை எல்லாம் அழியும். ஆகவே முதல் வேலை இரண்டு வெளித் தட்டுகளில் பிரதி எடுப்பது. ஒன்றல்ல, இரண்டு. பிரதியைத் திறந்து பார்த்து எண்ணிய பின்னர்தான் ஏற்றத் தொடங்கவேண்டும். பற்றரி பழுதான கணனியென்றால் மின்வெட்டு வராத நேரமாகப் பார்க்கவேண்டும். தட்டை அழித்து ஏற்றுவதா என்று கேட்கும் பக்கத்தில் ‘மேம்பட்ட வசதிகள்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மறைகுறியாக்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அவசரத்தில் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டு போனால் லினக்ஸ் வரும், பூட்டு வராது. பின்னர் பூட்டுப் போடுவதென்றால் அநேகமாகத் திரும்பவும் முதலிலிருந்துதான். எமக்கு முதற்தடவை அதுதான் நடந்தது. பழைய தடயங்கள் தட்டில் தங்காதிருக்க வெற்றிடத்தை மேலெழுதும் தெரிவையும் இரண்டாந் தடவை சேர்த்தோம்; அதற்குச் சில மணி நேரம் கூடப் பிடித்தது. அன்றாட வேலையில் கணனி முன்னையிலும் சுறுசுறுப்பாகவே இருக்கிறது.

இனித் திறப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். சங்கங்கள் தடுமாறப் போவது இந்த இடத்தில்தான்.

கணனியை எழுப்பியவுடன் கேட்கப்படும் சொற்றொடரை மறந்தால் ஒருவராலும் மீட்க முடியாது. கடைக்காரராலும் முடியாது, பல்கலைக்கழகத்தாராலும் முடியாது, செய்தவராலும் முடியாது. முடியுமென்றால் அது பூட்டல்ல. எமது சங்கங்களில் செயலாளர் ஒருவரே எல்லாம். அவர் கனடாவுக்குப் போய்விட்டால், கோபித்துக்கொண்டு விலகினால், இறந்துபோனால்? நாற்பது குடும்பத்தின் உறுதிகளும் அவரோடு போய்விடும். களவு போவதைவிட இது மோசமான இழப்பு.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் முறைக்கு லக்ஸ் என்று பெயர். அதன் நல்ல குணம், ஒரே பூட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திறப்புகளை அனுமதிப்பது. பழைய வடிவத்தில் எட்டு, புதிய வடிவத்தில் 32 வரை. ஆகவே தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, மாதர் சங்கத்திலிருந்து ஒருவருக்கு ஒன்று என்று வெவ்வேறு சொற்றொடர்களைக் கொடுக்கலாம். ஒருவருடையது மற்றவருக்குத் தெரியவேண்டியதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறினால் விலகியவரின் திறப்பை மட்டும் நீக்கிப் புதியவருடையதைச் சேர்க்கலாம். இதற்குக் கட்டளைத் திரையில் இரண்டொரு வரி எழுதவேண்டும். பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ படிக்கும் எமது பிள்ளை ஒருவர் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். நான்காவது ஒன்றைக் கடதாசியில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து, நிர்வாகத்தில் இல்லாத நம்பிக்கையான ஒருவரிடம் வைப்பது நல்லது. குருவானவரோ கோயில் தர்மகர்த்தாவோ ஓய்வுபெற்ற அதிபரோ யாராகவும் இருக்கட்டும்.

சொற்றொடர் எப்படி இருக்கவேண்டும்? எம்மவர்கள் முதலில் எழுதுவது சொந்த ஊரின் பெயரும் இடம்பெயர்ந்த ஆண்டும். எவ்வளவு நீங்கா நினைவோ அவ்வளவு இலகுவாக ஊகிக்கக்கூடியது. தொடர்பில்லாத ஆறு சொற்களைச் சேர்த்தால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மாட்டாது: கடகம், ரயில், நுங்கு, மாமி, புகையிலை, செருப்பு என்பது போல. (இதை யாரும் எடுத்துவிட வேண்டாம்.) கணனி எழும்பும் வேளையில் தமிழ் விசைப்பலகை வராது; ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். எந்தச் சொல்லை எப்படி ஆங்கிலத்தில் எழுதினோம் என்பதையும் மனதில் வைத்திருக்கவேண்டும்.

கணனி அணைந்திருக்கும்போதுதான் இந்தப் பூட்டுப் பூட்டு. மூடியை மட்டும் மடித்து வைத்துவிட்டுப் போனால் அது தூங்குமே தவிர பூட்டாது. வேலை முடிய முற்றாக அணைக்கவேண்டும்.

பிரதி எடுத்த வெளித் தட்டுகளையும் அவ்வாறே பூட்டவேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு உறுதியின் போட்டோகொப்பியைத் திண்ணையில் வைப்பவர் உண்டா? ஒன்று சங்கத்திலும் மற்றது வேறு ஊரிலும் இருக்கட்டும். அவற்றை வின்டோஸ் கணனி திறக்காது என்பதால், ஏற்றுவதற்குப் பயன்படுத்திய பென் டிரைவையும் தட்டோடு சேர்த்தே வையுங்கள்.

ஒரு கூட்டத்தில் வயதான ஐயா ஒருவர் எழுந்து, “ஆளைப் பிடிச்சு வைச்சுக் கேட்டால் உங்கடை பூட்டு என்ன செய்யும்?” என்று கேட்டார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. உண்மையான பதில், ஒன்றும் செய்யாது என்பதே. களவுக்கும் கவலையீனத்திற்கும்தான் இது காவல். அவருடைய கேள்வி எமக்கு வேறொன்றை உணர்த்தியது: பட்டியலில் இல்லாததை யாரும் எடுக்க முடியாது. நிவாரணம் கொடுப்பதற்குக் கணவர் எந்த ஆண்டில், எங்கே காணாமற்போனார் என்ற விபரம் எதற்கு? படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காக நிரப்பிய விபரங்களை நாம் ஒரு மாலை முழுவதும் இருந்து நீக்கினோம். கேட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கடிதங்களைப் பற்றிப் பலர் கேட்டார்கள். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் இட்டால் அவை தெரியும். லிப்ரே ஒபிஸ் அவற்றைத் திறக்கிறது. ஆறுதலாக ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். சில பக்கங்களில் அட்டவணை கோணலாக வரும். அதற்காக எவரும் மனமுடையத் தேவையில்லை.

2022 இல் பாராளுமன்றம் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பிறர் விபரங்களை வைத்திருப்போர் அவற்றைக் காக்கவேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஆனால் உங்கள் உறுதியின் படத்தை வாங்கிக்கொண்டவரிடம் கேட்பதற்கு நீங்கள் சட்டத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அது சங்கமாகட்டும், அரசசார்பற்ற நிறுவனமாகட்டும், எம்மைப் போன்ற திருச்சபை நிலையமாகட்டும்: தட்டு பூட்டியிருக்கிறதா, திறப்பு எத்தனை பேரிடம், பிரதி எங்கே என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் மறுபடியும் கேளுங்கள். எம்மிடம் கேட்டால் திறப்பு நால்வரிடம் என்று இப்போது சொல்லமுடியும். சென்ற ஆண்டு கேட்டிருந்தால் எம்மாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

சங்கக் கணனிகளைக் கொண்டுவர விரும்புவோர் சார்ஜரையும் இரண்டு வெளித் தட்டுகளையும் மறவாமல் எடுத்துவரவும். தலைவரும் செயலாளரும் மாதர் சங்கப் பிரதிநிதியும் சேர்ந்து வரவேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் நாம் ஏற்றிக் கொடுக்கமாட்டோம்.