பத்தாம் நாளின் வரிசை

துல்ஹஜ் பத்தாம் நாள் ஹாஜிகளுக்கு நான்கு கடமைகள் காத்திருக்கின்றன. மினாவில் பெரிய ஜம்ராவில் ஏழு கல் எறிதல், ஹத்யு எனும் பலி கொடுத்தல், தலைமுடி மழித்தல் அல்லது குறைத்தல், மக்கா சென்று தவாஃபுல் இஃபாளா செய்தல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்த வரிசையில்தான் செய்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வரிசை மாறினால் என்ன என்பதில்தான் இமாம்கள் பிரிகிறார்கள். உம்ராவையும் ஹஜ்ஜையும் இணைத்துச் செய்யும் தமத்துஉ, கிரான் முறையில் ஹஜ் செய்பவர் முதல் மூன்றையும் வரிசை பிறழாமல் செய்வது வாஜிப், பிறழ்ந்தால் பரிகாரப் பலியான 'தம்' கொடுக்க வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் தீர்ப்பு. வரிசை சுன்னத்தே, மாறினாலும் தம் இல்லை என்பது இமாம் ஷாஃபிஈயின் தீர்ப்பு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. உள்மாவட்டங்களில் ஹனஃபிகள் மிகுதி. இவர்கள் மினாவில் ஒரே கூடாரத்தில் தங்கும்போது கேள்வி எழாமல் இருக்காது. ஆதாரங்களை எடை போட்டால் இரண்டாவது தீர்ப்பே வலுவானது என்பது என் முடிவு.

ஹிஜ்ரி 10இல், நபிகளாரின் இறுதி ஹஜ்ஜின்போது, மினாவில் மக்கள் அவர்களைச் சூழ்ந்து கேட்டார்கள். பலி கொடுக்கும் முன்பே முடியை மழித்துவிட்டதாக ஒருவர் சொன்னார். கல்லெறியும் முன்பே அறுத்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார். விடுபட்டதை இப்போது செய்யுங்கள், குற்றமில்லை என்பதே இருவருக்கும் கிடைத்த பதில். அன்று முந்தியது, பிந்தியது என எதைப் பற்றிக் கேட்கப்பட்டபோதும் அவர்கள் இதையே சொன்னதாக அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிக்கிறார். இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் உண்டு. 'குற்றமில்லை' என்பது பாவம் இல்லை என்றுதான் பொருள்படும், பரிகாரம் நீங்காது என்பது முதலாவது. முன்பின் மாற்றியவர் தம் கொடுக்க வேண்டும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக வரும் செய்தியை இதற்குத் துணையாகக் காட்டுவார்கள். ஆனால் கேட்டவர்கள் சட்டம் அறியாமல் நேரில் வந்து நின்றவர்கள். ஓர் ஆடு அறுப்பது அவர்கள் மீது கடமையாகியிருந்தால், அதைச் சொல்லாமல் நபிகளார் அனுப்பியிருப்பார்களா? இமாம் அபூஹனீஃபாவின் தலையாய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் இதில் ஆசிரியருடன் உடன்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இரண்டாவது, பலி தன் இடத்தை அடையும்வரை தலையை மழிக்காதீர்கள் என்ற கருத்தில் வரும் பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனம். அந்த வசனத்தை மக்களுக்கு விளக்கிய நபிகளாரே, மழித்துவிட்டு வந்தவரிடம் குற்றமில்லை என்றார்கள். வசனத்தை அந்த விளக்கத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். மூன்றாவது, கேட்டவர்கள் அறியாமல் செய்தவர்கள், வேண்டுமென்று மாற்றுபவருக்குச் சலுகை இல்லை என்பது. மூன்றிலும் கனமானது இதுதான். ஆகவே, காரணமின்றி வரிசையைக் கலைப்பது சுன்னத்தை விட்டுவிடுவதே என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் தம் கட்டாயம் என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும். அது இந்த ஹதீஸில் இல்லை.

இன்று இந்தச் சலுகையின் தேவை கூடியிருக்கிறது. பெரும்பாலோர் கூப்பன் வாங்கிப் பலியை ஒப்படைத்துவிடுகிறார்கள். தங்கள் ஆடு எந்த நேரத்தில் அறுக்கப்பட்டது என்பதை அவர்களால் கண்ணால் பார்க்க முடியாது. கல்லெறிந்துவிட்டு, அறுத்தாயிற்றா என்ற செய்திக்காக இஹ்ராம் உடையில் காத்திருக்கும் முதியவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டமோ உயிரைக் குடிக்கக்கூடியது. 2006 ஜனவரியில் ஜம்ரா பாலத்தின் நெரிசலில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நலிந்தவர்களை இரவிலேயே முஸ்தலிபாவிலிருந்து புறப்பட அனுமதித்தவர்களும் நபிகளார்தாம்.

இப்படியே போனால் ஹஜ்ஜில் எதுவும் நிலைக்காது என்ற அச்சம் தேவையற்றது. பத்தாம் நாள் விடியலுக்குள் அரஃபாவில் தங்கத் தவறியவருக்கு அந்த ஆண்டு ஹஜ் இல்லை. அங்கே எந்த இமாமும் தளர்த்தவில்லை. எது அசையாதது, எது அசையக்கூடியது என்று பிரித்துச் சொல்வதே ஃபிக்ஹின் வேலை. ஹாஜிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஆலிம்கள் வரிசையைக் கற்றுக்கொடுக்கும்போதே, அது மாறிப்போனால் ஹஜ் கெட்டுவிடாது என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்.