திருப்பி வைக்க மறந்த சாவிக்கொத்து

கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி, அண்டா, குண்டா என்று வாடகைக்கு எடுப்பார்கள். விசேஷம் நல்லபடியாக முடிந்தால் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் கடைக்குத் திரும்பிவிடும். பாதியில் நின்றுபோனால்? அந்தக் களேபரத்தில் அண்டாவை யார் நினைத்துப் பார்ப்பார்கள்!

ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுகிற லினக்ஸ் கெர்னலுக்கும் இதே தலைவலிதான். மெமரியோ, ஃபைலோ, கேமராவோ, ஆப்கள் அதனிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு வேலைக்காக மூன்று பொருளை எடுத்தபின் நான்காவது கிடைக்கவில்லை என்றால், எடுத்த மூன்றையும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். கெர்னலின் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கும் 'சி' மொழி இதைத் தானாகச் செய்யாது. 'தவறினால் இந்த இடத்துக்குத் தாவு' என்று புரோகிராமர்தான் எழுதி வைக்க வேண்டும். எப்போதாவது நடக்கிற தாவல் என்பதால், அதில் உள்ள ஓட்டை சோதனையில் சுலபமாகச் சிக்குவதில்லை.

அப்படி ஓர் ஓட்டை 2016 ஜனவரியில் வெளியே வந்தது. கடவுச்சொல், ரகசியச் சாவி போன்றவற்றை வைத்துக்கொள்ள லினக்ஸில் 'கீரிங்' என்ற சாவிக்கொத்து உண்டு. அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கும். யாராவது கேட்டால் ஒன்று கூட்டும். விட்டால் ஒன்று குறைக்கும். ஒரு புரோகிராம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற அதே கொத்தை மறுபடி கேட்டால்? கூட்டிவிட்டு, 'இதுதான் இருக்கிறதே' என்று வெளியே தாவிவிடும். குறைக்கும் வரி அங்கே இல்லை.

ஒன்றுதானே என்று விட முடியாது. அந்தக் கணக்கு 32 பிட் எண். சுமார் 429 கோடி முறை கேட்டால், பழைய ஸ்கூட்டரின் மீட்டர்போல சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். 'யாரும் பிடித்திருக்கவில்லை' என்று நம்பி கெர்னல் அந்த மெமரியைக் காலி செய்யும். அந்த இடத்தில் தாக்குபவர் தன் சரக்கை வைத்தால், மொத்த இயந்திரமும் அவர் கையில். இத்தனை கோடி முறை யார் கேட்பார்கள் என்று நினைக்கலாம். ஒரு லேப்டாப் பிராசஸருக்கு அது அரை மணி நேர வேலை.

2013-ல் வந்த 3.8 பதிப்பிலிருந்தே இந்த ஓட்டை இருந்தது. அதைவிடப் பழைய கெர்னலில் ஓடிய போன்கள் தப்பின. பழசாக இருப்பதிலும் சில சமயம் லாபம் உண்டு! அடைப்பதற்குத் தேவைப்பட்டது, விடுபட்டுப்போன அந்த ஒரே வரி.

2023-ல் வந்த லினக்ஸ் 6.5-ல் வேறு வழி பிறந்தது. பொருளை எடுக்கும் வரியிலேயே 'வேலை முடிந்ததும் திருப்பி வை' என்று குறித்துவிடலாம். எந்த வழியாக வெளியேறினாலும் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஆனால் கெர்னலில் கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன. மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கிறது. ஒரே ஃபங்ஷனுக்குள் பழைய தாவலையும் புதிய முறையையும் கலக்க வேண்டாம் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. கலந்தால், ஒரே பொருளை இரண்டு முறை திருப்பி வைக்கும் ஆபத்து வரும். அதுவும் திருடனுக்குத் திறந்த கதவுதான்.