பூட்டிய வால்வும் புத்தகக் கல்வியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

இது இயந்திர யுகம் என்கிறோம். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள இயந்திரங்களில் எத்தனை இயந்திரங்களின் உள்ளே நாம் எட்டிப் பார்த்திருக்கிறோம்? சலவை இயந்திரத்தில் நீர் நிரம்புகிறது. நிரம்பியதும் தானாக நின்றுவிடுகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் தொட்டி நிறைந்தவுடன் வரவு அடைபடுகிறது. கோவை, திருப்பூர் வட்டாரத்து ஏர்ஜெட் தறிகளில் காற்றே நாடாவாகி ஊடு நூலை இழுத்துச் செல்கிறது. இவை அனைத்துக்கும் பின்னால் மறைந்து நிற்கும் காவற்காரன் ஒருவன் உண்டு. அவன் பெயர் சாலினாய்டு வால்வு. கட்டை விரல் பருமனே உள்ள அவன் மின்சாரத்தின் சொல் கேட்டுக் காற்றுக்கும் நீருக்கும் வழி விடுகிறான்; வழி மறிக்கிறான்.

இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு இந்தச் சாலினாய்டு புதியதன்று. பாடநூல் இதை 'வரிச்சுருள்' என்று சொல்கிறது. 1820 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஓர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டார். அச்செய்தி பிரான்சை எட்டியதும் ஆம்பியர் ஆராய்ச்சியில் இறங்கினார். கம்பிச் சுருளுக்கு, குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சாலினாய்டு' என்று பெயர் சூட்டியவரும் அவரே. இவற்றையெல்லாம் தேர்வில் எழுதுகிறோம். சுருளின் உள்ளே தோன்றும் காந்தப்புலத்துக்குச் சமன்பாடு தருவிக்கிறோம். மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் பழுதான ஒரு வால்வைக் கையில் கொடுத்து, "இதைத் திறந்து, துடைத்து, மீண்டும் பூட்டி ஓட வை" என்றால் நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்?

கழற்றிப் பார்த்துத் துடைத்துப் பூட்டுவது படிக்காதவர் வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. அந்த எண்ணம் நம் படிப்பையே பாதியாக்கிவிடுகிறது. ஆகவே, பழுதான கருவியைத் திறந்து பார்ப்பது அறிவியல் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே என் கருத்து.

உள்ளே இருப்பது என்ன?

வால்வைத் திறந்தால் ஐந்தாறு பொருள்களே கிடைக்கும். பிளாஸ்டிக் உருளையில் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். இதைத் தொழிற்கூடத்தில் 'காயில்' என்பார்கள். அதன் நடுவே ஒரு மெல்லிய குழல். குழலுக்குள் மேலும் கீழும் நழுவும் இரும்புத் தண்டு, இதுதான் பிளஞ்சர். அதைக் கீழ்நோக்கித் தள்ளும் ஒரு ஸ்பிரிங். பிளஞ்சரின் அடியில் ஒரு ரப்பர்ப் பொட்டு. அந்தப் பொட்டு அமர்ந்து அடைக்கும் ஒரு சின்னஞ்சிறு துளை. கசிவைத் தடுக்க ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள். அவ்வளவுதான்! மின்சாரம் பாய்ந்தால் பிளஞ்சர் எழும்பித் துளை திறக்கிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைத் தள்ளித் துளையை மூடுகிறது.

பெரிய குழாய்களுக்கு இன்னொரு வகை உண்டு. அதில் பிளஞ்சர் திறப்பது சிறு துளையை மட்டுமே. அந்தத் துளை திறந்ததும் அடைபட்டு நின்ற நீரோ காற்றோ தன் சொந்த அழுத்தத்தாலேயே பெரிய வாயிலைத் திறந்துகொள்கிறது. ஓரிரு வாட் மின்சாரம் இப்படித்தான் பெரும் விசையை அடக்கி ஆள்கிறது.

மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் வால்வில் நம் பாடத்தை நினைவூட்டும் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. பிளஞ்சர் போய் முட்டும் அசையாத இரும்பின் முகத்தில் ஒரு செப்பு வளையம் பதித்திருப்பார்கள். நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. தொடும்போதெல்லாம் இழுவிசை அற்றுப்போனால் பிளஞ்சர் கடகடவென்று அதிரும். செப்பு வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் இரும்பின் ஒரு பகுதியில் காந்தப் பாயத்தைச் சற்றே தாமதப்படுத்துகிறது. அதனால் விசை ஒருபோதும் முழுவதும் அறுவதில்லை. லென்ஸ் விதியைக் கரும்பலகையில் மட்டுமே கண்ட நாம், அது வளையமாகி நம் உள்ளங்கையில் கிடப்பதைக் காண வேண்டாமா?

அழுக்கு செய்யும் அநியாயம்

வால்வு பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, அழுக்கினால் சாகிறது. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகிறது. அந்த நீர் துருவை உண்டாக்குகிறது. கம்பிரசரின் எண்ணெய் துருவோடும் தூசியோடும் கலந்து பிசினாகிறது. அந்தப் பிசினில் பிளஞ்சர் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு நடப்பதுதான் இயற்பியல். மாறுதிசை மின்சாரத்தில் சுருளின் வழியே செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் மின்தடை மட்டுமன்று; தன் மின்தூண்டலால் வரும் மின்மறுப்பே பெரும்பங்கு வகிக்கிறது. இரும்புப் பிளஞ்சர் முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டால் மின்தூண்டல் எண் உயர்ந்து மின்னோட்டம் குறையும். அழுக்கினால் பிளஞ்சர் பாதி வழியில் நின்றுவிட்டால் மின்னோட்டம் குறையாது. சுருள் சூடேறும், இறுதியில் எரியும். இதே காரணத்தால்தான் இவ்வகைக் காயிலை வால்விலிருந்து உருவி வெளியே வைத்து மின்சாரம் கொடுக்கலாகாது என்று அனுபவசாலிகள் எச்சரிப்பார்கள். அவர்களில் பலர் மின்மறுப்பு என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அதன் விளைவை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

கழற்றுவதும் ஒரு கலை

என் தாய்மாமன் பல்லடம் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் ஃபிட்டராக இருக்கிறார். கம்பிரசர் தொட்டியில் சேரும் நீரைத் தானாக வெளியேற்றும் வால்வு ஒன்று அங்கே அடைத்துக்கொண்டது. அது அடைத்தால் நீர் காற்றோடு சேர்ந்து தறிகளின் வால்வுகளுக்கே போய்விடும். பார்க்க வந்த நிறுவனத்தார், "திறக்க வேண்டாம், புதிதாக மாற்றுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார்கள். மாமா திறந்தார். விடுமுறையில் சென்றிருந்த நான் அருகில் இருந்தேன்.

முதலில் மின்சாரத்தைத் துண்டித்தார். அடுத்து, வால்வுக்கு முன்னுள்ள குழாயை அடைத்து, எஞ்சியிருந்த காற்றை வெளியேற்றினார். 6 பார் அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 6 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். அது முகத்தில் சீறினால் என்ன ஆகும்? மல்டிமீட்டரைக் காயிலில் வைத்துக் கம்பி அறுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே இருந்தது என்பதைக்கூடப் பார்த்து வைத்துக்கொண்டார். துளையில் ஊசியை விட்டுக் குத்தவில்லை. கீறல் விழுந்தால் வால்வு என்றென்றைக்கும் கசியும். உலோகத்தை ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்தார். ரப்பரைச் சோப்பு நீரில் கழுவினார். நகப்பாலிஷ் நீக்கப் பயன்படும் அசிட்டோன் போன்ற திரவம் பட்டால் இந்த ரப்பர் உப்பிக் கெட்டுவிடுமாம். வெட்டு விழுந்த ஓ-ரிங் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினார். வளையத்துக்கு விரல் நுனி அளவு கிரீஸ் தடவினார். "மினுங்கினாப் போதும் மாப்ளே, வழிஞ்சா தூசியத்தான் புடிச்சு வெக்கும்" என்றார். திருகாணிகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்கினார். குறைந்த அழுத்தத்தில் காற்றைத் திறந்து, பொருத்துகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வால்வு ஓடியது.

"காயில் எரிஞ்சு போச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. எரிய வெச்சது எதுன்னு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்றார் மாமா. ஆய்வு மனப்பான்மை என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதுவன்றோ இது! அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

கடல் கடந்த ஒரு விளையாட்டு

இதே வேலையை வேறொரு நாட்டில் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் பெயிண்ட்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. மரங்களையும் மாடுகளையும் தூரத்திலிருந்தே வண்ணமிட்டு அடையாளம் காட்டச் செய்யப்பட்ட 'நெல்ஸ்பாட் 007' என்னும் கருவியை வைத்துக்கொண்டு, 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். வண்ணம் நிரப்பிய ஜெலட்டின் குண்டைக் காற்றழுத்தத்தால் எறியும் அக்கருவிக்கு 'மார்க்கர்' என்று பெயர். பின்னாளில் வந்த மின்னணு மார்க்கர்களில் விசையை அழுத்தியதும் சிறு பாட்டரி ஒன்று சாலினாய்டு வால்வைத் தூண்டுகிறது. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே வால்வு திறந்து மூடுகிறது. அங்கும் பகைவன் அழுக்குத்தான்; மண்ணும், உடைந்த குண்டின் வண்ணமும், பழைய கிரீசும் உள்ளே புகுந்து அடைக்கின்றன.

அப்போது ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பாகங்களைப் பிரித்துக் காட்டும் விளக்கப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஆலன் சாவியால் தாமே கழற்றித் துடைத்துப் பூட்டுகிறார்கள். மாற்று ஓ-ரிங்குகள் ஒரு பொட்டலமாகவே விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு விளையாட்டுப் பொருளுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் படமும், திறக்கும் துணிவும் இருக்குமானால், பிழைப்புக்கு நம்பியிருக்கும் இயந்திரங்களுக்கு இவை இன்னும் எவ்வளவு அவசியம்!

இந்தத் துணிவு நமக்கு அயலானதன்று. கோவை தந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தொடராதவர். ஓர் ஆங்கிலேயரின் மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து விலைக்கு வாங்கிக் கழற்றிப் பூட்டியே அவர் இயந்திரவியல் கற்றார். 1937 இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்திய மண்ணிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். அந்த மண்ணில் பிறந்த நாம் திருப்புளியைத் தொடக் கூசலாமா?

அச்சமும் அதற்கு விடையும்

"மாணவர்கள் கழற்றினால் மீண்டும் பூட்டுவார்களா? கருவி கெட்டால் பொறுப்பு யாருடையது?" என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆய்வகத்தின் ஒவ்வொரு கருவியும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே. ஆகவே நல்ல கருவியைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உதவாதது என்று முறைப்படி கழித்துக் கட்டிய பொருளைக் கொடுங்கள் என்றே கேட்கிறேன்.

எல்லாவற்றையும் திறக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. சமையல் எரிவாயு உருளையின் வால்வு மாணவன் தொடத்தக்கதன்று. மேலே சொன்ன பெயிண்ட்பால் கருவியிலும் காற்றுப் புட்டி சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தத்தைத் தாங்குவது. பயிற்சி இல்லாதவன் அதைத் திறக்கத் துணியலாகாது. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கலாகாது என்ற விவேகமும் திறந்து பழகியவனுக்கே வரும்.

"புதிது வாங்கினால் போகிறது" என்பாரும் உண்டு. பணம் உள்ளவர்க்கு அது சரி. நான்கு தறி வைத்துக் கடனில் ஓட்டுபவருக்கு? ஒரு சிறு ரப்பர் வளையத்துக்காக முழு வால்வையும் குப்பையில் எறிவது நாட்டுக்கும் நட்டமே. இந்திய அரசே பழுது பார்க்கும் உரிமையை உணர்ந்து, 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. உரிமை வந்தும், திறக்கத் தெரிந்த கைகள் இல்லையென்றால் என்ன பயன்?

நமக்கு வேண்டியது

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வகத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை. அதன்மேல் கழித்த வால்வுகள், ரிலேக்கள், மின்விசிறி மோட்டார்கள். ஒரு பெட்டித் திருப்புளிகள். பருவத்துக்கு ஒரு செய்முறை. மாணவன் திறந்து, உள்ளே கண்டதைப் பதிவேட்டில் படமாக வரைந்து, பழுதின் காரணத்தை எழுதி, மீண்டும் பூட்ட வேண்டும். நேர்திசை மின்சாரத்தில் ஓடும் காயிலின் மேல் 24 வோல்ட், 2 வாட் என்று எழுதியிருந்தால் அதன் மின்தடை 288 ஓம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அளந்தும் பார்க்கட்டும். கணக்கும் கையும் அங்கே கைகுலுக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் ஊரிலுள்ள ஒரு ஃபிட்டரை அழைத்துப் பேராசிரியரின் பக்கத்தில் நிற்க வைத்துப் பாடம் நடத்தச் சொல்லலாம். 2022 இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தால் திறன் பயிற்சி கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டது. இந்த மேசை அதற்குத் துணை நிற்கும்.

இறுதியாக ஒன்று. இந்தக் கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்தவர்கள் பலர். நம் பெற்றோர் கையால் உழைப்பவர்கள். "நீயாவது கையில் கறை படாமல் இரு" என்று சொல்லி நம்மை அனுப்பியிருக்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். அவர்கள் பட்ட பாடு அத்தகையது. ஆனால் கறையோடு சேர்த்து அவர்களுடைய அறிவையும் கழுவிவிட்டால், பட்டம் பெற்ற நாளில் நாம் பெற்றதைவிட இழந்தது அதிகமாகிவிடும். என் மாமாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மின்மறுப்பு அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும். அந்த மேசையை நம் கல்லூரி போட்டுத் தருமா என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்கிறேன். போட்டுத் தந்தால் அதன் முன் நிற்க நீங்கள் ஆயத்தமா என்று, மாணவ நண்பர்களே, உங்களையும் கேட்கிறேன்.